சோப் ஃபால்ட்: ஆய்வகத் தேர்வுக்குப் போகும் முன்

வெப் சர்வீஸ் (ஒரு நிரல் இன்னொன்றை இணையம் வழியாகக் கூப்பிட்டு வேலை வாங்குவது) ஆய்வகத் தேர்வுக்கு, சேவையை எழுதி ஓடவிடத்தான் எல்லோரும் தயாராகிப் போகிறார்கள். வெளித்தேர்வாளர் கேட்பது வேறு. ஓடுகிற சேவைக்குத் தப்பான மதிப்பு ஒன்றை அனுப்பச் சொல்லிவிட்டு, "இப்போது பிழை யாருடையது, சொல்லுங்கள் அம்மா" என்பார். காரைக்குடியில் எம்.சி.ஏ. படித்தபோது என் வாய்மொழித் தேர்வில் பெரும்பகுதி இந்தக் கேள்வியிலேயே போயிற்று. சோப் என்பது இப்படிப்பட்ட சேவைகள் எக்ஸ்.எம்.எல். வடிவில் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை; அதில் பிழையைச் சொல்லி வரும் பதில்தான் ஃபால்ட்.

பயிற்சிக்குப் பாடநூலின் கால்குலேட்டர் வேண்டாம். இரண்டு எண்களைக் கூட்டுவதில் என்ன தகராறு வந்துவிடப்போகிறது? நான் எடுத்துக்கொண்டது பக்கத்து ஊர்ச் சரக்கு: தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கான ஆர்டர் சேவை. வடிவத்தையும் எண்ணிக்கையையும் அனுப்பினால் ஆர்டர் எண் திரும்பி வரும். எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 'நூறு' என்று எழுத்தில் அனுப்பினால் குற்றம் அனுப்பியவருடையது, சோப் 1.1இல் பிழை யாருடையது என்று சொல்லும் ஃபால்ட்கோட் 'கிளையன்ட்' (கூப்பிட்டவர்) என்று வர வேண்டும். தரவுத்தளம் நின்றுபோனால் 'சர்வர்'. ஒன்றைக் கவனியுங்கள்: சரிபார்க்கும் இடத்தில் வெறும் ரன்டைம் எக்செப்ஷனை (ஜாவாவின் பொதுவான பிழை அறிவிப்பை) வீசினால், அனுப்பியவர் தவறைக்கூட ஜாவா 'சர்வர்' என்றே முத்திரை குத்தி அனுப்பும். ஃபால்ட்கோட் எது என்பதை நாமேதான் குறிப்பிட வேண்டும்.

கேட்ட அளவு கல் இருப்பில் இல்லையென்றால்? தேர்வாளர் நெருக்குவது இங்கேதான். கண்ணாடிமேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிற கல்; ஆயிரம் கேட்டவுடன் கிடைக்குமா? நிரலில் கோளாறு எதுவும் இல்லை, வியாபாரத்தில் சாதாரணமாக வருகிற மறுப்பு இது. இதை டபிள்யூ.எஸ்.டி.எல்.லில் (சேவை எதை வாங்கும், எதைத் தரும் என்று சொல்லும் விவரக்கோப்பில்) ஃபால்ட்டாக முன்கூட்டியே அறிவித்து, கைவசம் எத்தனை உண்டு என்பதை ஃபால்ட்டின் டீட்டெயில் பகுதியில் தர வேண்டும். அப்போது ஜாவா கிளையன்ட் பக்கம் அதற்கென்றே ஒரு செக்டு எக்செப்ஷன் (கையாளாமல் விட்டால் கம்பைலர் ஏற்காத வகை) உருவாகும். அறிவிக்காத ஃபால்ட் எல்லாம் சோப்ஃபால்ட்எக்செப்ஷன் என்ற பொதுப்பெயரில் வந்து விழும். டீட்டெயிலில் ஸ்டாக் டிரேசை (நிரல் எந்தெந்த வரி வழியாக வந்து விழுந்தது என்ற பட்டியலை) கொட்டாதீர்கள்; நம் டேபிள் பெயர்கள் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

பிழை தேடும்போது நிரலைத் திறக்கும் முன், வந்த பதிலை அப்படியே பாருங்கள். என் அறைத்தோழி 500 என்ற எண்ணை (சர்வரில் கோளாறு என்று சொல்லும் எச்.டி.டி.பி. எண்) கண்டதும் சர்வரை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. சோப் 1.1இல் தவறு கிளையன்ட்டுடையதாக இருந்தாலும் ஃபால்ட் 500 என்ற எண்ணோடுதான் வரும். அவள் எச்.டி.டி.பி.யுஆர்எல்கனெக்‌ஷன் என்ற ஜாவா வகுப்பை வைத்துக் கையால் எழுதிய கிளையன்ட்டில், பதிலைப் படிக்கும் கெட்இன்புட்ஸ்ட்ரீம் 500ஐப் பார்த்ததுமே ஐஓஎக்செப்ஷனை வீசிவிட்டது. ஃபால்ட் எக்ஸ்.எம்.எல். முழுவதும் பிழைப் பதிலைத் தரும் கெட்எரர்ஸ்ட்ரீமில் படிப்பாரற்றுக் கிடந்தது. அதை அச்சிட்டதும் ஃபால்ட்ஸ்டிரிங்கில் காரணம் ஒரே வரியில் இருந்தது: நேம்ஸ்பேஸ் (எக்ஸ்.எம்.எல். பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம்) பொருந்தவில்லை. சோப் சேவைகளைச் சோதிக்கும் கருவியான சோப்யுஐ இருந்தால் இந்தச் சுற்றே வேண்டாம். பதில் முழுதாகக் கண்ணில் படும்.

1.1, 1.2 வேறுபாட்டை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். 2003இல் டபிள்யூ3சி (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) பரிந்துரையான 1.2இல் கிளையன்ட் 'சென்டர்' ஆகிறது, சர்வர் 'ரிசீவர்' ஆகிறது. சென்டர் ஃபால்ட் 400 என்ற எண்ணோடு வரும். ஹெடரில் (செய்தியின் தலைப்பகுதியில்) குறிப்பிடும் உள்ளடக்க வகையும் மாறும். பழையதற்கான வகையில் புதிய சேவையைக் கூப்பிட்டால், ஃபால்ட்டே வராமல் வெறும் 415 (இந்த வகையை ஏற்கமாட்டேன் என்ற எண்) திரும்பக்கூடும். அப்போது எக்ஸ்.எம்.எல்.லுக்குள் தேடிப் பயனில்லை, ஹெடரைப் பாருங்கள்.

எக்செப்ஷன்களைப் பிடிக்கும் கேட்ச் பகுதிகளின் வரிசையையும் கேட்பார்கள். சோப்ஃபால்ட்எக்செப்ஷன் முதலில், வெப்சர்வீஸ்எக்செப்ஷன் அதன் பின். பின்னது முன்னதன் மூதாதை என்பதால், மாற்றி எழுதினால் கம்பைலரே விடாது. இணைப்புத் துண்டிப்பு, நேரம் கடந்துபோதல் போன்றவை இரண்டாவதில்தான் சிக்கும்.

ஆய்வகக் கணினியில் எந்த ஜாவா என்று முந்தைய நாளே விசாரித்துவிடுங்கள். 8 என்றால் சோப் சேவைகளை எழுத உதவும் ஜேஏஎக்ஸ்-டபிள்யூஎஸ் கூடவே இருக்கும். 2018இல் வந்த 11இலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். மெட்ரோ போன்ற நிரல் நூலகத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அதற்கு அங்கே இணையம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.