பில்லில் எழுதிய பெயர்

"யாருக்குங்க?"

"வீட்டுக்குத்தான் தம்பி."

"பேரு?"

"லட்சுமி."

வயதை நானே 60 என்று போட்டுக்கொண்டேன். டைக்ளோஃபெனாக் வலி ஊசி மருந்து, 30 மில்லி பாட்டில், ஒன்று.

2013-ல் எழுதிய பில். மனுஷனுக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும். 30 மில்லியை வீட்டுக்கு எதற்கு வாங்குவார்கள் என்று தெரியாதவனா நான்? நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றுப் பக்கம் மெடிக்கல் வைத்திருப்பவன் யாருக்கும் தெரியும். மருந்து இருந்த அலமாரிக் கண்ணாடியிலேயே, கல்லூரிப் பசங்க ஒட்டிவிட்டுப் போன பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, படம் இருந்தது. மாட்டுக்கு இந்த மருந்து கூடாது, 2006-லேயே தடை என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் கண்ணாடியைத் தள்ளித்தான் பாட்டிலை எடுத்தேன்.

சில்லறை வாங்கும்போது அவரே சொல்லிவிட்டார். "கன்னு போட்டதுல இருந்து எந்திரிக்கல தம்பி. முனகுறதைக் கேக்க முடியல."

ஞாயிற்றுக்கிழமை. மாட்டு டாக்டர் இல்லை. பாறுகளுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் மாட்டு ஊசி என் கடையில் இல்லை. வேறு என்ன செய்திருக்க முடியும்? இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாயிற்று. மனுஷனுக்கு என்று பேர் வைத்து 30 மில்லியில் அடைத்து அனுப்பினார்களே, அவர்களை யார் கேட்டார்கள்? 2015-ல்தான் 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

மூன்றாம் நாள் தலைவலி மாத்திரை வாங்க வந்தார். "லட்சுமி போயிருச்சு தம்பி."

"அடடா" என்றேன். "புதைச்சீங்களா?" என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அழுது வீங்கிய முகத்தோடு நிற்பவரிடம் அதை எப்படிக் கேட்பது? இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். பதில் "பள்ளத்துல போட்டுட்டோம்" என்று வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

அந்த ஊசி மாட்டை ஒன்றும் செய்யாது. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, பாறு தின்றால் அதன் சிறுநீரகம் போய்விடும். குடல், ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்து சில நாளில் செத்துவிழும். ஒரு பிணத்தில் பத்து இருபது பாறுகள் இறங்கும். வருஷத்துக்கு ஒரே முட்டையிடும் பறவை அது.

ஒரே ஒரு மாடுதானே என்று வெகுநாள் சமாதானமாக இருந்தேன். பிறகுதான் படித்தேன்: நூறு மாட்டுப் பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே போதுமாம், இந்தியாவின் பாறுக் கூட்டம் இப்படிச் சரிய. 1992-ல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த கணக்குக்கு, 2007-ல் ஒன்று. அந்த நூற்றில் ஒன்று என் பில்லா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

போன மாதம் ஒருவர் 3 மில்லி ஊசி மருந்து பத்து கேட்டார். டாக்டர் சீட்டு இல்லை. "ரெண்டுதான் தர முடியும்" என்றேன். பத்தை இரண்டாக்கியதில் யாரைக் காப்பாற்றினேனோ.

"பேரு சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். எழுதிக்கொண்டேன்.