பெயர்ப் பட்டியல்

யூன் 7, 2025 சனி
கழகத்தின் கார் ஓட்டப் போட்டிக்கு மைதான அனுமதி வரவில்லை. கச்சான் காற்று வந்துவிட்டது.

யூன் 9, திங்கள்
பார்க்க வருகிறோம் என்பவர்கள் திருகோணமலை உப்புவெளியிலிருந்து சாம்பல்தீவு வரை இருக்கிறார்கள். ஓட்டப் பெயர் கொடுத்தவர்கள் ஒரு கைவிரலுக்குள். ஆர்வம் செத்துப்போச்சு என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் பங்கீடு. இந்த பெப்ரவரியில் இறக்குமதி திறந்தும் வரி எட்டாத உயரம். பழைய ஆல்ட்டோ காரே இந்த விலை விற்கும்போது அதை நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டியில் யார் உரசக் கொடுப்பான்? வந்த காரிலேயே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கோன் ஓட்டம்தான் வழி: கோன்களுக்கு இடையே வளைத்து வளைத்து, ஒரு நேரத்தில் ஒரு கார், கடிகாரத்தோடு போட்டி.

யூன் 10
ஹெல்மெட். கழகமே எல்லா அளவிலும் வாங்கி இரவல் கொடுக்க வேண்டும். வாங்குவதானால் கார்ப் போட்டிக்கான எஸ்ஏ முத்திரை உள்ளது. மோட்டார் சைக்கிளுக்கானது நெருப்புக்குச் சோதித்ததல்ல.

யூன் 12, வியாழன்
கோனுக்குக் கோன் 15 மீற்றர். கூட்டினால் மூன்றாம் கியர் போடுவார்கள். இரண்டாவதோடு முடிய வேண்டும். அடியைச் சுற்றிச் சோக்கால் சதுரம். முட்டுப்பட்ட கோன் விழாமல் சதுரத்தைத் தொட்டபடி நின்றால் தண்டனை இல்லை, இல்லாவிட்டால் 2 விநாடி. இந்தக் காற்றுக்கு வெறும் பிளாஸ்டிக் நிற்காது, கனமான ரப்பர் அடி வேண்டும். மேலே மணல் மூட்டை வைக்கவே கூடாது: காரின் கீழ் மாட்டினால் என்ஜினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி (சம்ப்) உடையும்.
வளைவின் வெளிப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. பிடி விட்ட கார் அங்கேதான் போகும்.

யூன் 13
தியத்தலாவை கார் ஓட்டப் போட்டி, 2024 ஏப்ரல் 21. கார் பாதையை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்து ஏழு உயிர். கயிறு வேலியாகாது. சனம் கோட்டைத் தாண்டினால் சிவப்புக் கொடி, ஓட்டம் நிற்கும். வாக்குவாதமே இல்லை.

யூன் 15, ஞாயிறு
கார்ப் பரிசோதனையை ஒரு கிழமை முன்பே இலவசமாக வைக்க வேண்டும். ஓட்ட நாளன்று காலை திருப்பி அனுப்பப்பட்டவன் பிறகு வரமாட்டான். ஒரு கிழமை கிடைத்தால் திருத்திக்கொண்டு வருவான். பிரேக் ஒயில் ஈரம் உறிஞ்சும். டொட் 3 வகை ஒயில் புதிதில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறினால் 140 வரை இறங்கும். பிரேக் மிதி பஞ்சாக அமுங்கினால் ஒயில் மாற்றி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றாமல் ஓட விடக்கூடாது. உப்புக் காற்றில் பற்றரி கிளாம்ப் அரித்திருக்கும், கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். சில்லு நட்டு, இறுக்கத்தை அளக்கும் டோர்க் ஸ்பானரால். கால்மிதி விரிப்பு வெளியே. பிரேக்கின் கீழ் சுருளும்.

யூன் 17, செவ்வாய்
ஒரு பிள்ளை தாயின் காரோடு பெயர் தந்திருக்கிறாள், தம்பியும் அதே காரில். தாராளமாக விடலாம், செலவு பாதி. ரயர் சூட்டில் காற்றழுத்தம் ஏறும். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் அளந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். ஹெல்மெட்டில் சிறிய அளவு இரண்டு வேண்டும்.