மூன்று தடவை வந்த ரயில்

போடி ரயிலில் எவ்வளவு அசந்து தூங்கினாலும் ஊரைத் தவறவிட முடியாது. போடிநாயக்கனூரோடு தண்டவாளம் முடிந்துவிடும். அதற்கு மேல் மலைதான்.

இந்த மலைதான் 1928-இல் ரயிலை இங்கே கொண்டுவந்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சுமார் 90 கிலோமீட்டருக்கு மீட்டர் கேஜ் பாதை, அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். மேலே மூணாறில் தேயிலை, சுற்றிலும் ஏலக்காய். இறங்கி வரும் சரக்குக்கு ஒரு வாசல் வேண்டுமே.

இதில் ஒரு கூத்து உண்டு. போடிக்கு முன்பே மலைக்கு மேலே ரயில் ஓடியிருக்கிறது! 1902-இல் மூணாறிலிருந்து மலை விளிம்பில் இருக்கிற டாப் ஸ்டேஷன் என்ற ஊருக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொன்று தரையில், இழுப்பதற்கு மாடு. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதையில் இன்ஜினே ஓட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும். அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கியபடி அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை மொத்தமாக வாரிக்கொண்டு போனது. நான்கு வருஷம் கழித்துக் கீழே எங்களுக்கு ரயில் வந்தது. மேலே இருந்தபோது கீழே இல்லை, கீழே வந்தபோது மேலே இல்லை.

சரி, வந்த ரயிலாவது நிலைத்ததா? இரண்டாம் உலகப் போரில் இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பத்தா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது வெறும் மேடுதான் இருந்ததாம். "ரயிலு ரோட்டுல ஆடு மேச்சோம்" என்பார். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள்.

நான் பார்த்தது அந்த இரண்டாவது ரயிலை. பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் ரயிலில் டிக்கெட் மலிவு. அப்பா ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை. சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் அந்த வாசனை போகாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எதிர் சீட்டுக்காரர், "ஏலக்காயா?" என்று தானாகவே பேச்சை ஆரம்பிப்பார். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி ஏற்றத்தில் முக்கும்போது, இறங்கி நடந்தே முந்திவிடலாம் என்று தோன்றும்.

2010 கடைசி நாளோடு அதுவும் நின்றது. அகலப் பாதையாக்கப் போகிறோம் என்றார்கள். இரண்டு வருஷம் என்று நினைத்தோம். நிதி சொட்டுச் சொட்டாக வந்தது, வருஷம் பன்னிரண்டு ஓடியது. ஸ்டேஷன் பக்கம் பையன்கள் ஸ்டம்பு நட்டுவிட்டார்கள். 2022 மே மாதம் தேனி வரைக்கும் ரயில் வந்து நின்றுகொண்டது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஹாரன் அடிக்கிற வண்டியை ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருந்த எரிச்சல் போடிக்காரனுக்குத்தான் தெரியும். தேனியில் இருக்கிற என் மச்சான் வாரம் ஒரு தடவை ரயில் போட்டோ அனுப்புவான், வேண்டுமென்றே.

2023 ஜூன் 15 ராத்திரி சென்னைக்கு முதல் வண்டி கிளம்பியது. வாரத்துக்கு மூன்று நாள். ஊரே ஸ்டேஷனில் நின்றது. கைத்தடியோடு அப்பாவையும் கூட்டிப் போனேன். பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தார். புது சீட்டு, சார்ஜர் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

"எல்லாம் சரிடா. இதுல மூட்டைய எங்க ஏத்துவாங்க?"

ஏலக்காய் இப்போதெல்லாம் லாரியில் போகிறது என்றேன். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் திரும்பக் கடைசிப் பெட்டி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.