கோத்தகிரி, கம்பளி, மழை

செப்டம்பர் 6

மூன்று சாக்கு ஆட்டு ரோமமும் வந்து இறங்கிவிட்டன. திண்ணையில் இடமில்லை, கூடத்தில் வைத்திருக்கிறேன். ஆட்டுக்காரத் தாத்தா காசு வாங்க மாட்டேன் என்றார். "கத்தரிக்கிற கூலிக்கே இது கட்டுவதில்லை அம்மா. வேலியோரம் கொட்டுவதைத்தானே நீ கேட்கிறாய்" என்றார். கிலோவுக்கு ஒரு விலை பேசி அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தேன். இலவசமாக வாங்கினால் அடுத்த ஆண்டு அவர் ஆடுகளை விற்றுவிடுவார். பிறகு எனக்கு ரோமம் ஏது?

நீலகிரி ஆடு, வேலியோரம் கொட்டும் பொருளா? கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டு ஆடுகள் எல்லாம் கலந்து 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையிலேயே உருவான இனம். ஊட்டிப் பக்கத்துச் சாண்டிநல்லா ஆடு ஆராய்ச்சி நிலையத்தில் மந்தை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். வீடுகளில் வளர்ப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். புல்வெளி போய்விட்டது, செந்நாயும் சிறுத்தையும் விடுவதில்லை, ரோமத்துக்கு விலையுமில்லை. முதல் இரண்டுக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

செப்டம்பர் 7

வீடு முழுக்க ஆட்டு வாசனை. எனக்குப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 11

முதல் சாக்கைப் பிரித்தேன். வயிற்றுப்பக்கத்து ரோமம், சாணி ஒட்டியது, முள் சிக்கியது எல்லாம் தனியே. முதுகும் தோளும்தான் நல்ல இழை.

பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் கழுவுகிறேன். சோடா போட்டால் சீக்கிரம் வெளுக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். காரம் கம்பளியைத் தின்றுவிடும். கை பொறுக்காத சூடு வேண்டும், அப்போதுதான் கொழுப்பு உருகும். தண்ணீர் ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதே கொழுப்பு மறுபடி இழையில் படிந்துவிடும். கசக்கக் கூடாது. சும்மா அமிழ்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். கைக்கு வேலை கொடுக்காமல் நிற்பதுதான் சிரமம்.

பாத்திரத்தில் மிதந்த கொழுப்பு விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. வெடிப்பு விட்டிருந்த கை இன்று மெத்தென்று இருக்கிறது.

செப்டம்பர் 12

ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசி முடிந்தது. அம்மா தூங்குகிறாள் என்றான் அண்ணன்.

செப்டம்பர் 15

ஒரு கிலோ கழுவிக் காயவைத்தால் 600 கிராம்தான் நிற்கிறது. இதை வைத்து விலை போட்டால் எவர் வாங்குவார்கள் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டேன். கத்தரிக்கும் கூலி, விறகு, சாக்குக் கொண்டுவந்த ஜீப். என் நேரத்துக்கு எவ்வளவு என்று எழுதும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அக்கா இரண்டு நாள் சிக்கெடுத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தோட்டத்துக் கூலியைவிடக் குறைவாகக் கொடுப்பதென்றால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

செப்டம்பர் 19

தக்களியில், கையால் சுழற்றும் கதிரில், நூல் அறுகாமல் வருகிறது. இரண்டு இழை சேர்த்து எதிர்முறுக்குக் கொடுத்ததும் உருண்டு திரண்டு நின்றது. பழுப்பு கலந்த வெள்ளை. சாயம் போடவே மனமில்லை.

கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அரிப்பு.

செப்டம்பர் 20

அரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். நீலகிரி ஆட்டின் இழை சராசரியாக 27 மைக்ரான் தடிமன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஆனால் அது சராசரிதான். 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள் கொஞ்சம் கலந்திருந்தாலே போதும், நுனி வளையாமல் தோலில் குத்தும். அந்தத் தடித்த இழைகளைக் கையால் பொறுக்கி எடுக்க முடியுமா?

இரண்டு கைப்பிடி எடுத்து விளக்கடியில் உட்கார்ந்து பொறுக்கினேன். நள்ளிரவாகிவிட்டது. உள்ளங்கையளவு கிடைத்தது.

செப்டம்பர் 24

அண்ணன் படம் அனுப்பினான். அம்மா தலையில் பருத்தித் துணி கட்டியிருக்கிறாள். அறையில் ஏசி குளிர் தாங்கவில்லையாம்.

செப்டம்பர் 29

கடைவீதியில் கம்பளி என்று விற்கும் நூல்பந்து ஒன்றை வாங்கி நுனியைக் கொளுத்தினேன். உருகியது, சொட்டியது, கறுத்த மணியாக இறுகியது. அக்ரிலிக், பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை இழை. என் நூலைக் கொளுத்தினேன். மெல்லக் கருகித் தானே அணைந்தது, விரலில் தேய்த்தால் பொடிந்தது. முடி பொசுங்கும் நாற்றம்.

அதற்கு மேல் கொளுத்தவில்லை.

அக்ரிலிக் நூலில் பின்னியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் கைவேலை செய்து பிழைப்பவர்கள். வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லாமல் விற்பதுதான் பொறுக்கவில்லை. இந்த மலைக்கு வருகிறவர் கையில் பெட்ரோலியத்தைக் கொடுத்து ஆட்டின் பெயரைச் சொல்கிறார்கள். மலை ஆட்டின் ரோமமோ வேலியோரம் கிடக்கிறது.

அக்டோபர் 4

சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு முடிந்தது. இணையத்தில் கட்டணமே இல்லை. கணினி மையத்தில் 500 ரூபாய் கேட்டார்கள். கைபேசியில் நானே செய்தேன்.

அக்டோபர் 9

சாயம். படிகாரத்தில் ஊறவைத்த நூலை மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் இட்டேன். கொதிக்க விட்டால் பழுப்புத் தட்டிவிடும், ஆவி எழும் சூட்டிலேயே வைத்திருந்தேன். செங்கல்லும் செம்பருத்தியும் கலந்த ஒரு சிவப்பு! மாதுளைத் தோலில் கடுகுப்பூ மஞ்சள். சமையல் மஞ்சளில் போட்டதுதான் எல்லாவற்றிலும் அழகு. அதை விற்க மாட்டேன். வெயில் பட்டால் சில நாளில் ஓடிவிடும் நிறம்.

அக்டோபர் 10

அம்மா பேசினாள். "கை வெந்துவிடாமல் பார்த்துக்கொள்" என்றாள். குரல் நன்றாக இருந்தது. நாள் முழுக்கப் பாடிக்கொண்டே நூற்றேன்.

அக்டோபர் 18

மழை பிடித்துக்கொண்டது. கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடியில் கொட்டும், எங்களுக்கு ஐப்பசிதான். கழுவிய ரோமம் நான்கு நாளாகக் கொடியில் தொங்குகிறது.

அக்டோபர் 19

காயவில்லை.

அக்டோபர் 21

ஒரு கடைக்காரர் நூலை எடைக்குக் கேட்கிறார், 100 கிராம் கண்டுகளாக. தராசில் வைத்தேன். செப்டம்பரில் 100 நின்ற அதே கண்டு இன்று 109. தொட்டால் ஈரமே தெரியவில்லை. கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் உலர்ந்தாற்போலவே இருக்கும். உடுத்தினால் கதகதப்பாக இருக்க அதுவும் ஒரு காரணம். தராசில் அதுவே வினையாகிறது. கோத்தகிரி மழையில் எடைபோட்டு விற்றால் நான் தண்ணீரை விற்கிறேன். இன்று 100 என்று நிறுத்துக் கொடுப்பது, சமவெளியில் வாங்குகிறவர் வீட்டில் 90 பக்கம்தான் நிற்கும்.

நீளத்துக்கு விற்பேன். ஒவ்வொரு கண்டும் இத்தனை மீட்டர் என்று சீட்டில் எழுதுவேன். "வேலை மெனக்கெடு, யாரும் இப்படிச் செய்வதில்லை" என்றார் கடைக்காரர். நல்லவர்தான், அவசரப்படுகிறார்.

அக்டோபர் 27

அந்துப்பூச்சி. மூன்றாவது சாக்கின் அடியில் புழுக்கூடு. வேப்பிலையும் வசம்பும் வராமல் தடுக்கும், உள்ளே போனதைக் கொல்லாது. மூட்டை கட்டி, ஐஸ்கிரீம் வைக்கும் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைக்கக் கேட்டு மளிகைக் கடை அண்ணனிடம் போனேன். சிரித்துவிட்டு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இந்த மழையில் ஐஸ்கிரீம் யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

அக்டோபர் 30

மன்னவனூரில் பாரத் மெரினோ ஆடுகள் இருக்கின்றன. 20 மைக்ரான் அளவில் இழை. அரிக்காது. ஆனால் கொடைக்கானல் மேல்மலைக்கு இந்த மழையில் யார் போவது?

பொறுக்கிய இழை ஒரு தொப்பிக்கு வருமா?

நவம்பர் 3

தங்கும் விடுதி ஒன்றிலிருந்து முதல் பெரிய கேட்பு. நாற்காலிக்கு ஃபெல்ட் ஆசனம், 24. சூட்டுத் தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து உருட்ட, இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு தகடாக இறுகும். தடித்த இழைதான் இதற்கு நல்லது. கழுத்தில் குத்துவது ஆசனத்தில் குத்தாது! வயிற்றுப்பக்கத்து ரோமமும் உள்ளடுக்குக்கு ஆகும். தாத்தாவிடம் இன்னும் இரண்டு சாக்குச் சொல்லிவிட்டேன். முன்பணமும் கொடுத்தேன்.

நவம்பர் 4

பாதி அக்ரிலிக் கலந்து விலையைக் குறைக்க முடியுமா என்று விடுதியில் கேட்கிறார்கள். முடியாது என்றேன். யோசித்துச் சொல்கிறார்களாம்.

நவம்பர் 8

பதில் இல்லை. ஆசனங்களைச் செய்துகொண்டே இருக்கிறோம்.

நவம்பர் 11

தொப்பி பாதி வந்துவிட்டது. கன்னத்தில், முழங்கை மடிப்பில், காதுக்குப் பின்னால் தேய்த்துப் பார்க்கிறேன். எனக்கு அரிக்கவில்லை. என் தோல் வேறு, அம்மாவின் தோல் இப்போது வேறு. உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைக்கலாம். தைத்தால் தோற்றதுபோல இருக்கிறது. தைக்காவிட்டால் அவள் சொல்லாமல் பொறுத்துக்கொள்வாள், அதுதான் பயம்.

நவம்பர் 12

பருத்தித் துணி வைத்துத் தைத்தேன்.

நவம்பர் 15

மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்திருக்கிறது. அண்ணன் இரண்டு முறை அழைத்தான், இரண்டு முறையும் தொடர்பு அறுந்தது.

நவம்பர் 16

விடுதியிலிருந்து பணம் வந்துவிட்டது. கலப்பு வேண்டாமாம், சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறார்களாம். மிச்ச ஆசனங்களை அக்கா முடித்து அனுப்புவார்கள். சீட்டில் எழுத வேண்டியதை எழுதி வைத்துவிட்டேன்: நீலகிரி ஆட்டுக் கம்பளி, கலப்பில்லை, சாயமில்லை.

சாலை திறந்துவிட்டதாம். காலை 6 மணி பஸ். தொப்பி, தக்களி, கழுவிய ரோமம் ஒரு பை. ஆஸ்பத்திரியில் நூற்க விடுவார்களா தெரியவில்லை. தாத்தாவுக்குப் பாக்கி 800, அக்காவிடம் கொடுத்து