பங்களாப் புலியை அளந்த கதை

ஏற்காட்டில் ஒரு பழைய காப்பி எஸ்டேட் பங்களா, அதன் ஹால் சுவரில் ஒரு புலித்தோல். கீழே பித்தளைத் தகட்டில் 10 அடி 7 அங்குலம் என்று போட்டிருக்கும். எஸ்டேட் மாமாவைக் கேட்டால் 11 அடி, 350 கிலோ என்பார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால் சுட்டது, வனத்துறை உரிமைச் சான்றிதழும் வைத்திருக்கிறார், அதனால் தைரியமாக அளக்கவிட்டார்.

முதலில் தோல். தையற்கடை டேப்பை மூக்கிலிருந்து வால் நுனி வரை வைத்தால் 11 அடி 2 அங்குலம்! மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் சுட்ட அன்று 10 அடி 7 இருந்த புலி செத்த பிறகு வளருமா? பச்சைத் தோலை இழுத்து ஆணி அடித்துக் காயப்போட்டால் நீளத்தான் செய்யும், அதனால் தோலை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சரி, தகட்டில் இருப்பதாவது உண்மையா என்றால், அதிலும் ஒரு சிக்கல். வேட்டைக்காரர்கள் இரண்டு விதமாக அளந்தார்கள். புலியை நேராகக் கிடத்தி, மூக்கு நுனியில் ஒரு முளை, வால் நுனியில் ஒரு முளை அடித்து, இடையில் உள்ள தூரத்தை அளப்பது ஒன்று. தலை, பிடரி, முதுகு என்று மேடு பள்ளமெல்லாம் டேப்பை அழுத்திக்கொண்டே போவது இன்னொன்று, இதில் சில அங்குலம் கூடிவிடும். எப்படி அளந்தார்கள் என்று தகட்டில் இல்லை. மாமா நம்பவில்லை, அதனால் வாசலில் படுத்திருந்த வாட்ச்மேன் நாயை பிஸ்கட் கொடுத்து இரண்டு விதமாகவும் அளந்து காட்டினேன். நாய்க்கே 3 அங்குலம் வித்தியாசம் வந்தது. அதோடு மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வால்தான், வால் நீண்ட சின்னப் புலியும் கணக்கில் பெரிய புலியாகிவிடும்.

நல்லவேளை, அலமாரியில் மண்டையோடு தனியாக இருந்தது. எலும்பை யாராலும் இழுத்து நீட்ட முடியாது. மண்டையோட்டை மேஜையில் வைத்து, முன்பல் பக்கம் ஒரு தடித்த கணக்குப் புத்தகம், பின்னந்தலை முகட்டுப் பக்கம் இன்னொன்று நிமிர்த்தி ஒட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஸ்கேலால் அளந்தோம். 34 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வளர்ந்த ஆண் வங்கப்புலிக்குச் சாதாரணமாக 33 முதல் 38 வரை இருக்கும், ஆக நல்ல புலிதான், ராட்சசன் இல்லை.

எடைக்கு வழியே இல்லை. அந்தக் காலத்தில் காட்டுக்குள் தராசு யார் தூக்கிப் போனார்கள்? நேபாளத்தில் சித்வன் காட்டில் மயக்க ஊசி போட்டு ரேடியோ காலர் மாட்டியபோது எடை போட்டதில் மிகப் பெரிய ஆண் ஒன்று 261 கிலோ. ஒரே மூச்சில் 30 கிலோ இறைச்சி தின்னும் மிருகம், வயிறு நிறைந்திருந்தால் அதுவும் எடையில் சேரும். 350 எல்லாம் வாய்க்கு வந்த கணக்கு.

இதையெல்லாம் சொல்லி, முளை அடித்து அளந்திருந்தால் 10 அடியை ஒட்டித்தான் வந்திருக்கும் என்றேன். மாமா கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்தார். அப்புறம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் பேரம் பேசுகிற மாதிரி, "10 அடி 3க்கு முடிச்சுக்கலாம் தம்பி" என்றார்.