மேயரைத் தோற்கடித்த மேயர்கள்

தேர்தல் முடிவுப் பட்டியல் கைக்கு வந்தால் இரண்டாம் இடத்தில் இருக்கும் பெயரை முதலில் தேடுவது எனக்கு நெடுநாள் பழக்கம். வென்றவரைப் பற்றி மறுநாளே எல்லோரும் எழுதிவிடுவார்கள். தோற்றவர் எந்த நம்பிக்கையில் அவ்வளவு தூரம் வந்தார் என்பதை எழுத ஆள் இருப்பதில்லை. அப்படித் தேடிப் பார்த்ததில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலப் பட்டியல்களில் இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்ட பெயர் ஸ்டீவ் லோனகன். 1998, 2013, 2014, 2018 என நான்கு முறை அவர் வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றத்துக்குள் நுழைய முயன்றார். நான்கு முறையும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கு மக்கள் கொடுத்த பதவி பகோட்டா என்னும் சிற்றூரின் மேயர் பதவி.

நியூயார்க் நகரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் பெர்கன் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) மட்டும் எழுபது உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான பகோட்டா ஹாக்கென்சாக் ஆற்றங்கரையில் ஒரு சதுர மைலுக்கும் குறைவான பரப்பில் அடங்கிவிடுகிறது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 8,187 பேர் இருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் கொலம்பியத் தலைநகரின் பெயர்தான். ஆனால் ஊரின் பெயர் அங்கே முதலில் குடியேறிய போகர்ட் குடும்பத்திலிருந்து வந்தது என்பார்கள். தலைநகரத்தைச் சொல்பவர்கள் கடைசி எழுத்தை அழுத்துகிறார்கள், இவ்வூர்க்காரர்கள் நடு எழுத்தை அழுத்துகிறார்கள். மேயர் என்ற சொல்லைக் கேட்டதும் மாநகராட்சி மாளிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் பேரூராட்சித் தலைவரை நினைத்துக்கொண்டால் அளவு சரியாக இருக்கும்.

லோனகனின் கண்பார்வை பதின்ம வயதிலேயே மங்கத் தொடங்கியது. விழித்திரையைச் சிறிது சிறிதாக அழிக்கும் ஒரு பரம்பரை நோய் அது. சட்டத்தின் பார்வையில் அவர் பார்வையற்றவர். ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பாலும் வாக்களிக்கும் அந்த ஊரில், குடியரசுக் கட்சிக்காரரான அவர், அதிலும் அக்கட்சியின் தீவிர வலப்பக்கத்தைச் சேர்ந்தவர், 1995இல் வென்று, பிறகு 1999இலும் 2003இலும் மீண்டும் வென்று, 2007ஆம் ஆண்டு முடியும்வரை பதவியில் இருந்தார். 2003ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற சுயேச்சை வேட்பாளரும் சட்டப்படி பார்வையற்றவர் என்பதால் அந்தப் போட்டியை ஆவணப்படமாகவே எடுத்தார்கள். நியூ ஜெர்சியில் சொத்து வரி மிகக் கடுமையானது; ஒரு வீட்டுக்காரர் ஆண்டுதோறும் கட்டும் அந்தப் பணத்தின் ஒரு பகுதி ஊராட்சிக்குப் போகிறது. செலவைக் குறைப்பேன், ஆளைக் குறைப்பேன், புதிய கட்டடம் வேண்டாம் என்று சொல்லும் ஒருவருக்கு, அவருடைய மற்ற கருத்துகளைப் பிடிக்காதவர்களும் வாக்களித்திருப்பார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

மற்ற கருத்துகள் எப்படிப்பட்டவை என்பதை 2006இல் நாடே பார்த்தது. குளிர்காப்பி விற்பதற்காக மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் அவ்வூரில் ஸ்பானிய மொழியில் ஒரு விளம்பரப் பலகை வைத்தது. அதை எடுக்க வேண்டும் என்று மேயர் கேட்டார், எடுக்காவிட்டால் கடையைப் புறக்கணியுங்கள் என்றார். அத்தோடு நில்லாமல், ஆங்கிலத்தை ஊரின் ஆட்சிமொழியாக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவும் முனைந்தார்; ஓர் ஊராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கவுன்டி எழுத்தர் அதை வாக்குச்சீட்டில் சேர்க்க மறுத்துவிட்டார். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே அவ்வூரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் லத்தீன் அமெரிக்க வழியினர். எனக்கு அந்த அரசியலில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆயினும் எண்ணாயிரம் பேர் உள்ள ஊரின் மேயர் ஒரு விளம்பரப் பலகையை வைத்துக்கொண்டு நாடு முழுவதும் தன் பெயரைப் பேச வைத்தார் என்பதை மறுக்க முடியாது. அந்தத் திறமைதான் அவரைத் தொடர்ந்து பெரிய தேர்தல்களுக்கு இழுத்தது என்று நினைக்கிறேன்.

முதல் முயற்சி மேயரான மூன்றாம் ஆண்டிலேயே நடந்தது. 1998இல் பிரதிநிதிகள் சபையின் ஒன்பதாம் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் ஸ்டீவ் ராத்மனை எதிர்த்தார். ராத்மன் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு வென்றார். அதில் வியப்பில்லை, கட்சிக்காகப் பெயரைக் கொடுப்பதற்கென்றே ஒருவரை நிறுத்தும் தொகுதி அது. ஆனால் பின்னாளில் எனக்கு உறைத்த ஒரு செய்தி அங்கேதான் தொடங்குகிறது. ராத்மன் 1980களில், பகோட்டாவிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள எங்கிள்வுட் நகரின் மேயராக இருந்தவர்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் லோனகன் மாநில ஆளுநர் பதவிக்கு, கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், இருமுறை நின்றார். 2009இல் கிறிஸ் கிறிஸ்டியிடம் 55க்கு 42 என்ற விகிதத்தில் தோற்றது அவற்றுள் பெரியது. இவற்றுக்கு நடுவே அவருக்கு ஒரு வெற்றியும் உண்டு. ‘அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி’ என்ற வரி எதிர்ப்பு அமைப்பின் மாநில இயக்குநராக இருந்த அவர், குருத்தணு ஆய்வுக்காக 45 கோடி டாலர் கடன் வாங்கும் திட்டத்தை எதிர்த்து 2007இல் மாநிலம் முழுவதும் பிரசாரம் செய்தார். ஆளுநரே முன்னின்று ஆதரித்த அத்திட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். ‘வேண்டாம்’ என்று ஒரு மாநிலத்தையே சொல்ல வைக்க அவரால் முடிந்தது. ‘இவர் வேண்டும்’ என்று சொல்ல வைக்க ஒருமுறையும் முடியவில்லை.

2013ஆம் ஆண்டுத் தேர்தல்தான் அவருடைய உச்சம். ஜூன் 3ஆம் நாள் செனட் உறுப்பினர் ஃபிராங்க் லாட்டன்பர்க் காலமானார். நவம்பர் 5ஆம் நாள் எப்படியும் ஆளுநர் தேர்தல் நடக்கவிருந்தது. அன்றே இதையும் சேர்த்து நடத்தியிருக்கலாம். ஆனால் அந்தத் தேர்தலில் தானே வேட்பாளராக இருந்த ஆளுநர் கிறிஸ்டி, செனட் இடைத்தேர்தலை அக்டோபர் 16ஆம் நாள், அதுவும் ஒரு புதன்கிழமை, தனியாக நடத்த ஆணையிட்டார். உட்கட்சித் தேர்தலையும் சேர்த்து இதற்கு ஏறத்தாழ 2.4 கோடி டாலர் செலவாகும் என்று அப்போது கணக்கிட்டார்கள். எதிர்முகாமின் புகழ்பெற்ற வேட்பாளர் தன் பெயர் இருக்கும் அதே வாக்குச்சீட்டில் இருந்தால் அக்கட்சியினர் திரளாக வந்துவிடுவார்கள் என்று ஆளுநர் அஞ்சினார் என்றே பலரும் பேசிக்கொண்டார்கள். எனக்கும் வேறு காரணம் தென்படவில்லை.

அந்தப் புகழ்பெற்ற வேட்பாளர் கோரி புக்கர். அவரும் மேயர்தான், அப்போது 2.77 லட்சம் பேர் வாழ்ந்த நியூவர்க் நகரத்தின் மேயர். ஆகஸ்டு மாதம் நடந்த ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பதவியில் இருந்த இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களையும் மாநிலச் சட்டமன்றத்தின் அவைத்தலைவரையும் அவர் ஒரே வீச்சில் பின்னுக்குத் தள்ளினார். நியூ ஜெர்சியில் பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் இல்லை. வடக்கே உள்ளவர்கள் நியூயார்க் செய்தியையும் தெற்கே உள்ளவர்கள் பிலடெல்பியா செய்தியையும் பார்க்கிறார்கள். மாநிலம் முழுவதும் முகம் தெரிய வேண்டுமானால் நாட்டின் விலை மிகக் கூடிய விளம்பரச் சந்தைகளுள் இரண்டில் நேரம் வாங்க வேண்டும், இல்லையேல் ஏற்கெனவே புகழோடு வர வேண்டும். புக்கரிடம் இரண்டும் இருந்தன. லோனகனிடம் இரண்டும் இல்லை.

இருந்தும், ஆகஸ்டில் 25 புள்ளிகள் அளவுக்குக் கருத்துக்கணிப்புகள் காட்டிய இடைவெளி மெல்லக் குறைந்தது. அக்டோபர் முதல் நாள், ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை முன்வைத்து எழுந்த மோதலில், செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல், ஒன்றிய அரசு முடங்கியது. அந்தச் சிக்கலிலிருந்து விலகி நின்றிருந்தால் நடுநிலை வாக்காளர்களை அவர் கவர்ந்திருக்கலாம். அவரோ தன் கட்சியின் பிடிவாதத்தை வெளிப்படையாக ஆதரித்தார், நியூ எகிப்து என்ற ஊரின் கார்ப் பந்தயத் திடலில் 2008இல் தன் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினை அழைத்து வந்து கூட்டம் போட்டார். குடியரசுக் கட்சி 1972க்குப் பிறகு ஒரு செனட் தேர்தலிலும் வெல்லாத மாநிலத்தில் இது தற்கொலைக்கு ஒப்பானது என்று யாரும் சொல்வார்கள். ஆனால் நான்கில் ஒருவரே வாக்களிக்க வரும் ஒரு புதன்கிழமையில், கோபம் உள்ளவர்களை வீட்டிலிருந்து கிளப்புவதே ஒரே வழி என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கணக்கு முழுத்தவறு என்றும் சொல்ல முடியாது. புக்கருக்கு ஏறத்தாழ 7.4 லட்சம் வாக்குகள், லோனகனுக்கு 5.9 லட்சம், 55க்கு 44. வாக்குகள் எண்ணப்பட்ட அதே இரவில்தான் வாஷிங்டனில் முடக்கமும் முடிவுக்கு வந்தது.

அந்தத் தேர்தலில் ஓஷன் கவுன்டி அவருக்கு நிறைய வாக்களித்திருந்தது. 2014இல் அக்கவுன்டியின் ஒரு பகுதியைக் கொண்ட மூன்றாம் தொகுதி காலியானபோது அவர் அங்கே போனதன் பொருள் அதுதான். நாடாளுமன்ற உறுப்பினர் அந்த மாநிலத்தவராக இருந்தால் போதும், தொகுதியில் குடியிருக்க வேண்டியதில்லை என்பது அமெரிக்க அரசியல் சட்டம். அங்கே உட்கட்சித் தேர்தலில் எதிரே நின்ற டாம் மெக்கார்தரும் வடக்கிலிருந்து வந்தவர், காப்பீட்டுத் தொழிலில் பெரும்பணம் ஈட்டியவர், சொந்தப் பணத்தை லட்சக்கணக்கில் இறக்கியவர். அவரும் முன்னாள் மேயர். ராண்டால்ஃப் ஊரில் நகரமன்ற உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் பதவி அது. ஏறத்தாழ 60க்கு 40 என்று மெக்கார்தர் வென்றார்.

பணம் மட்டும் காரணமன்று. ‘கவுன்டி லைன்’ என்று ஒரு முறை அம்மாநிலத்தில் இருந்தது. கவுன்டியின் கட்சி நிர்வாகம் யாரை ஆதரிக்கிறதோ அவர்களுடைய பெயர்கள் எல்லாம், மேலிருந்து கீழ்வரை எல்லாப் பதவிகளுக்கும், வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் அச்சாகும். மற்றவர் பெயர் எங்கோ ஒரு மூலைக்குத் தள்ளப்படும். வரிசையில் இருப்பவருக்கு விழும் வாக்கு பாதி பழக்கத்தினாலேயே விழுந்துவிடும். அந்த வரிசை 2014இல் மெக்கார்தருக்குப் போனது. 2018இல், தன் சொந்த ஊர் அடங்கிய ஐந்தாம் தொகுதிக்கே லோனகன் திரும்பி வந்தபோது, பெர்கன் கவுன்டியின் கட்சி மாநாடும் அவரைக் கைவிட்டு ஜான் மெக்கானுக்கு வரிசையைக் கொடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் மேயராக இருந்த கவுன்டியில் அவர் அந்த உட்கட்சித் தேர்தலில் தோற்றார். நால்வருள் மெக்கான் ஒருவர்தான் மேயராக இருந்ததில்லை. அவர் நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் காட்ஹைமரிடம் தோற்றார்.

அதே நவம்பரில் மூன்றாம் தொகுதியில் மெக்கார்தரைச் சிறு வித்தியாசத்தில் தோற்கடித்தவர் ஆண்டி கிம். 2024இல் செனட் பதவிக்கு நின்ற கிம், கட்சி வரிசை முறையை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். அவ்வாண்டு மார்ச் 29ஆம் நாள் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் அந்த வரிசையை அச்சிடக் கூடாது என்று கூட்டாட்சி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். பகோட்டாவின் முன்னாள் மேயருக்கு அப்போது வயது அறுபத்தேழு.