எல்லாத்துக்கும் ஓகே கொடுத்தாச்சு, அப்புறமும் ஏன் ரைடு அடிக்கவில்லை?

போனில் ஒரு ஆப் சரியாக ஓடவில்லை என்றால் நம் ஆட்கள் முதலில் செய்வது, செட்டிங்ஸுக்குப் போய் இருக்கிற பர்மிஷன் எல்லாவற்றையும் ஆன் செய்துவிடுவது. காண்டாக்ட்ஸா, ஆன். மைக்கா, ஆன். அப்புறமும் ஆப் ஓடாது. பாதி நேரம் கோளாறு அந்தப் பக்கமே இருக்காது.

அல்சூரில் ஆட்டோ ஓட்டும் கிருஷ்ணகிரி அண்ணன் ஒருவர் அப்படித்தான் போனை நீட்டினார். நான் பார்ப்பது ஆப் எழுதுகிற வேலை என்று தெரிந்துவிட்டால் பெங்களூரில் இதெல்லாம் சகஜம். ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரருக்கு சவாரி ஆப்பில் ரைடு அடிக்கிறதாம், இவருக்கு போனைப் பாக்கெட்டில் போட்ட கொஞ்ச நேரத்தில் அந்த ஆப் செத்துவிடுகிறதாம். "எல்லாத்துக்கும் ஓகே குடுத்துட்டேன் தம்பி, இன்னும் என்னத்தக் கேக்குது இது?"

இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒரு ஆப் எதைத் தொடலாம் என்பது ஒன்று. எப்போது ஓடலாம் என்பது இன்னொன்று. பர்மிஷன் கேட்கும் பெட்டி முதலாவதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. சாவி கையில் இருந்தும் ஆள் தூங்கினால் கதவை யார் திறப்பது?

முதல் விஷயத்தில் ஆண்ட்ராய்டு கறார். அடியில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப்பகுதி, அதைத்தான் கெர்னல் என்பார்கள். ஆப்பை நிறுவும்போதே அதற்கென்று ஒரு யூசர் எண் கிடைக்கும், 10000-இல் தொடங்கும் வரிசையில். கேமரா வேண்டுமென்றால் ஆப்பால் நேராகப் போய்க் கேமராவைத் தொட முடியாது. அதற்கென்று இருக்கிற சிஸ்டம் சர்வீஸிடம், பைண்டர் என்ற தகவல் வழியாகத்தான் கேட்க வேண்டும். எனக்குப் பிடித்த இடம் இதுதான்: கேட்பது யார் என்று ஆப் சொல்வதே இல்லை, கெர்னல்தான் அந்த எண்ணை ஒட்டி அனுப்புகிறது, அதனால் இன்னொரு ஆப்பின் பெயரைச் சொல்லிப் புகுந்துவிட முடியாது. அந்த எண்ணுக்கு அனுமதி இருக்கிறதா என்று சர்வீஸ் பார்க்கும், இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது.

2015-இல் ஆண்ட்ராய்டு 6 வரும்வரை நிறுவும்போதே மொத்தமாகச் சரி சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஆப்பே கிடையாது. இப்போது தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கேட்கிறது. ஆண்ட்ராய்டு 10-இல் 'பயன்படுத்தும்போது மட்டும் லொகேஷன்', 11-இல் 'இந்த ஒரு முறை மட்டும்'. சில மாதம் திறக்காமல் போட்டுவைத்த ஆப்பின் அனுமதிகளைத் தானே பிடுங்கிக்கொள்வதும் 11-இல் வந்ததுதான். மைக் விஷயம் இன்னும் சுவாரசியம். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-இலிருந்து, பின்னணிக்குப் போய்ச் சும்மா கிடக்கும் ஆப் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தால், சிஸ்டம் அதற்கு வெறும் மௌனத்தைக் கொடுக்கிறது. ஆப் பாட்டுக்குப் பதிவு செய்யும், உள்ளே ஒன்றும் இருக்காது.

அண்ணன் மாட்டியது இரண்டாவதில். திரை அணைந்து போன் அசையாமல் கிடந்தால் டோஸ் என்ற நிலைக்குப் போய்விடும், நெட்வொர்க்கும் அலாரங்களும் தள்ளிப்போகும். ஆண்ட்ராய்டு 8, பின்னணி சர்வீஸ்களுக்கும் லொகேஷன் கேட்பதற்கும் கடிவாளம் போட்டது. பின்னணியில் இருக்கிற ஆப்புக்கு மணிக்குச் சில தடவைதான் லொகேஷன் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 9-இலிருந்து நீங்கள் எவ்வளவு அடிக்கடி திறக்கிறீர்கள் என்று பார்த்து ஆப்களைத் தரம் பிரிக்கிறது, கீழ்த்தட்டில் விழுந்தது ரொம்ப நேரம் காத்துக் கிடக்க வேண்டியதுதான். தொடர்ந்து ஓடியே ஆக வேண்டிய ஆப்புக்கு ஒரு நேர்வழி உண்டு, ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ். நான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நோட்டிஃபிகேஷன் போட்டுவிட்டு ஓடலாம்.

இது கூகுள் போட்ட சட்டம். இதற்கு மேல் போன் தயாரிக்கிற கம்பெனிகள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று தங்கள் பங்குக்கு ஆப்களைக் கொல்கின்றன. அதில்தான் எனக்கு ஆத்திரம். ஒழுங்காக எழுதிய ஆப்பும் சாகிறது, திட்டு எங்களுக்கு விழுகிறது.

அண்ணன் போனில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதியைத் திறந்து கட்டுப்பாட்டை எடுத்தேன், ஆப் தானாகத் தொடங்க விடும் ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்தேன், அவ்வளவுதான். தேவையில்லாமல் கொடுத்திருந்த காண்டாக்ட்ஸையும் மைக்கையும் திருப்பி வாங்கினேன். "அத எடுத்தா ரைடு வருமா?" என்று சந்தேகமாகப் பார்த்தார். அதற்குள் போன் அடித்தது, ட்ரினிட்டி சர்க்கிள் சவாரி, கிளம்பிவிட்டார். அந்த நேரத்தில் யார் புக் பண்ணினாலும் அடித்திருக்கும், என் மகிமை என்று சொல்ல மாட்டேன்.

ஐபோன்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே இன்னும் கறார். ஆப்பை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் அது உறைந்துவிடும். பாட்டு, வழிகாட்டல், அழைப்பு மாதிரி சில காரணங்களுக்குத்தான் ஓட விடும், மற்றதெல்லாம் சிஸ்டம் மனசு வைக்கும்போது. எல்லா ஆப்பையும் மேலே தள்ளித் தள்ளி மூடுகிற பழக்கம் இருக்கிறதே, அப்படி மூடிய ஆப்பை நீங்களே திறக்கும்வரை ஐபோனின் ஐஓஎஸ் பின்னணியில் புதுப்பிக்க எழுப்பாது. அப்புறம் மெயில் லேட்டாக வருகிறது என்று புலம்புவது.

இதையெல்லாம் வைத்து போன் நம்மை முழுசாகக் காப்பாற்றும் என்று நினைக்கக் கூடாது. கேட்கிற ஆப் யோக்கியமானதா என்று சிஸ்டத்துக்குத் தெரியாது. கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸை அள்ளிக்கொண்டு போய்ச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கிய கதைகளில், அனுமதி முறைப்படி கொடுக்கப்பட்டதுதான். அதைத் தடுக்க 2022-இல் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸ், கால் லாக், ஃபைல்கள் பக்கம் போகக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. 2023-இல் பிளே ஸ்டோரும் கடன் ஆப்களுக்கு காண்டாக்ட்ஸையும் படங்களையும் தடை செய்தது.

ஆனால் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வருகிற, ஆப்பை நேராக நிறுவும் ஏபிகே ஃபைலுக்கு பிளே ஸ்டோர் விதி எதுவும் பொருந்தாது. அவை பெரும்பாலும் எஸ்எம்எஸ் கேட்கும், ஓடிபிக்காக. சில அக்சஸிபிலிட்டி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வைத்த அனுமதியைக் கேட்கும், அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதைப் படிக்கும், நீங்கள் தொட வேண்டியதை அதுவே தொடும். ஆண்ட்ராய்டு 13-இலிருந்து இப்படி வெளியிலிருந்து வந்த ஆப்புக்கு அந்த சுவிட்ச் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். அதையும் திறக்க செட்டிங்ஸில் ஒரு வழி உண்டு. யாராவது போனில் பேசிக்கொண்டே அந்த வழியைச் சொல்லிக்கொடுத்தால், காலைக் கட் பண்ணிவிட்டு ஆப்பைத் தூக்குங்கள்.